மைக் இல்லாத ஜெபம்

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் பந்தல் போட்டு, மைக் வைத்து ஜெபக்கூட்டம் நடத்துவோம். மதுரை அரசரடியில் எங்கள் வீடு. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வந்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கோம். கண் மூட முடியல. ஜெபத்தை நிறுத்தச் சொல்லலை தாயீ, மைக்கை மட்டும்..." என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "முளைப்பாரிக்கு ரேடியோ கட்டுறப்ப நாங்க ஏதாச்சும் சொன்னோமா?" என்று கேட்டுவிட்டேன். முகம் வாடித் திரும்பிப் போனார்.

இரவு, சட்டம் படித்த என் தம்பி சொன்னான்: "சென்னையில ஒரு சபை மேல வந்த வழக்குல 2000-லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சுக்கா. அடுத்தவங்க அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லலையாம். மத உரிமை தர்ற 25-வது பிரிவே பொது ஒழுங்குக்கும் ஆரோக்கியத்துக்கும் கட்டுப்பட்டதுதான். குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. கோயில், மசூதி, சர்ச் எல்லாத்துக்கும் ஒரே அளவு."

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில், மைக் இல்லாமல் நடந்தது. முடிகிற நேரம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா பேரையும் சேர்த்துச் சொல்லு தாயீ."