மின்னல் இருக்கா பாஸ்?

அண்ணா சாலையில கேசினோ தியேட்டர் பக்கம் திரும்புங்க, ரிச்சி ஸ்ட்ரீட் வந்தாச்சு! ஒயர், ஸ்பீக்கர், செகண்ட் ஹேண்ட் லேப்டாப்னு ரோடு வரைக்கும் கடை. "என்ன சார் வேணும்?"னு நாலு பேர் வழிமறிப்பாங்க. ராம், பிராசஸர் எல்லாம் அப்புறம். முதல்ல லேப்டாப்போட பக்கவாட்டைப் பாருங்க.

வி.ஆர். கேமுக்காக வெளியே டாக் வெச்சு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டணுமா? தண்டர்போல்ட் போர்ட் இருந்தா நிம்மதி. பார்க்க டைப்-சி மாதிரியேதான் இருக்கும்; பக்கத்துல குட்டி மின்னல். சார்ஜிங் போர்ட்டுக்கும் சில கம்பெனிகள் மின்னல் போடுறதால, மாடல் நம்பரை அங்கேயே செல்லுல தட்டிப் பார்த்துடுங்க. 'எல்லா டைப்-சியும் ஒண்ணுதாம்பா'ன்னு சொல்ற கடைக்கு ஒரு கும்பிடு.

தண்டர்போல்ட் 3, 4 ரெண்டுக்குமே வேகம் விநாடிக்கு 40 கிகாபிட். டெஸ்க்டாப்புல 16 லேன் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0-ன்னா சுமார் 250! அதனால டாக்ல உச்சாணி கார்டு மாட்டுறது காசுக்குக் கேடு. வி.ஆர்.ல விநாடிக்கு 90 ஃப்ரேம்னா ஒரு படத்துக்கு 11 மில்லி செகண்ட்தான். லேட்டானா தலை திரும்பும், காட்சி திரும்பாது... குமட்டிக்கிட்டு வரும். டிஸ்ப்ளேபோர்ட் ஒயர் உள்ள ஹெட்செட்டை கார்டுலயே சொருகுங்க, லேப்டாப்ல இல்ல.

பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் சல்லிசா கிடைச்சா உஷார். 2024-ல வந்த விண்டோஸ் 11 24எச்2-லயே மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிடுச்சு.

கையில தண்டர்போல்ட் லேப்டாப் இருந்தா டாக் ஓகே. ரெண்டுமே புதுசா வாங்கணும், அதுவும் அப்பா லோன் போட்ட காசுலன்னா, உள்ளேயே கார்டு இருக்கிற கேமிங் லேப்டாப்பை விலை கேளுங்க. ஹாஸ்டல் மேசையில டாக் வைக்க இடம் ஏது?