ஒரு மாத வாசிப்பும் ஒரு கடன் கொப்பியும்

கண்ணிற் படர்ந்திருந்த புரையை நீக்கிய மருத்துவர், சில வாரங்களுக்குக் கண்ணை வருத்தலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பதாண்டு காலம் தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பித்தவனுக்கு அதனினும் கொடிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்? தடை நீங்கிய நாள் முதல் ஒரு மாத காலம், பசித்தவன் பந்தியில் அமர்ந்ததுபோல, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அலுமாரியில் தூசி படிந்து கிடந்தவை சில. கண்டியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் இரவல் வாங்கி வந்து தந்தவை சில. அவற்றுள் ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. ஆயினும் மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது, அவை எல்லாம் சேர்ந்து என்னை ஒரு கேள்வியின் முன் நிறுத்தியிருந்தன. அந்தக் கேள்வியையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் எடுத்தது ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் 1681இல் வெளியிட்ட இலங்கைச் சரித்திரம். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடியவன் அவன். பருத்தி நூலால் தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தான். அவனிடம் இருந்தவை இரண்டே சமய நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்ததில் அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. ஒரு நாள் அவன் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, அவ்வழியே வந்த கிழவர் ஒருவர், “உன் எசமானுக்கு நூல் வாசிக்கத் தெரியுமா?” என்று அவனுடைய ஏவலாளான சிறுவனிடம் விசாரிக்கிறார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தமக்கு ஒரு நூல் கிடைத்தது, வேண்டுமானால் விற்கிறேன் என்கிறார். அது ஆங்கில விவிலியம்! தன்னிடமிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிடத் துடித்த நொக்ஸ், அந்தச் சிறுவனின் யோசனையைக் கேட்டு, ஒரு தொப்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறான்.

நொக்ஸின் மகிழ்ச்சியைவிட அந்தக் கிழவரே என் மனத்தை விட்டகலவில்லை. அந்த மொழி அவருக்குத் தெரியாது. அந்தச் சமயம் அவருடையதன்று. இருந்தும் அத்தனை காலம் அதைக் காத்து வைத்திருந்தார். வாசிக்கத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தார். விலை கேட்டார்தான், அதனால் அவர் பெருமை குன்றிவிடவில்லை. அதே நாட்டிலேதான் 1981 மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கொளுத்தியவர்களுக்கும் அந்நூல்களின் மொழி தெரியாது. தெரியாத மொழியின் நூலை என்ன செய்வது என்பதில் இந்த நாடு இருவகை விடையையும் தந்திருக்கிறது.

அடுத்து வாசித்தது நம் கண்டியின் சொத்து. 1838இல் கண்டியிற் பிறந்து, வழக்கறிஞராக விளங்கி, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெவ்வை, 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக எண்ணப்படுவது. கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கிறது. இன்றைய வாசகனுக்கு நடை சற்றே கரடுமுரடாகத் தோன்றலாம். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய 1879க்கு ஆறாண்டுகளின் பின், ஒரு கண்டி முஸ்லிம் தமிழிலே நாவல் எழுதினார் என்ற உண்மையை எத்தனை மாணவர்களுக்கு நான் சொல்லியிருப்பேன்? தேர்வுக்கு வேண்டிய அளவு, ஒரு வரியில் சொன்னேன். நூலை நானே இந்த வயதில்தான் வாசித்தேன்.

பின்னர் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை மீண்டும் வாசித்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதியின் கதை. அதனோடு சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியதையும், சக்தி பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கியதையும் பக்கத்திற் பக்கமாக வைத்து வாசித்தேன். வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். 1947இல் தலவாக்கொல்லை மக்களின் வாக்கால் பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அந்த மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இந்நூல்களை மூடியபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத கண்டிச் சிங்களக் குடியானவனின் சேனையையும் காட்டையும் அரசுடைமையாக்கிக் கோப்பித் துரைமாருக்கு வழிவிட்டது. அந்தக் காணியிலே வேலை செய்யத்தான் நம் முன்னோர் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். நிலம் இழந்தவனும் உழைப்பை இழந்தவனும் ஒரே இலாபத்துக்காக வஞ்சிக்கப்பட்டவர்கள். இருவரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டதுதான் அந்த இலாபத்துக்குக் கிடைத்த மேலதிக வட்டி!

நான்காம் வாரத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’. 1944இல் சிங்களத்தில் வந்த இந்நாவலைக் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாக்கியவர் ம. மு. உவைஸ். சிங்களவர் எழுதிய தென்னிலங்கைக் கதையை ஒரு முஸ்லிம் அறிஞர் தமிழுக்குத் தர, ஒரு தோட்டத் தமிழன் திகனவில் இருந்து வாசிக்கிறேன்! வேலிக்கு அப்பால் நின்ற அயலவர், தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்ன நூல் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. 1963இல் வந்த திரைப்படத்தை இளவயதில் பார்த்தவராம். நந்தா முதலிலேயே பியலை மணந்திருக்க வேண்டும் என்று அவர் வாதாட, பெரிய வீட்டின் குலப்பெருமை அவளை எங்ஙனம் விடும் என்று நான் வாதாட, பொழுது இருண்டுவிட்டது. இருபது ஆண்டுகளாகத் தண்ணீரையும் மாட்டையும் வேலியையும் தவிர வேறெதைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை.

பிரியும்போது அவர் கேட்டார்: “மாஸ்டர், உங்கள் ஆட்களின் கதை ஏதாவது சிங்களத்தில் உண்டா? நானும் வாசிக்கலாமே.”

என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. இல்லாமற் போகாது, தேடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எங்களை அவர்கள் அறியவில்லையே என்று மேடைகளிற் குறை கூறிய நான், அறிய விரும்பி வந்த ஒருவருக்குக் கொடுக்க வெறுங்கையோடு நின்றேன்.

இனி, கடைசி நூல். அது எந்த நூலகத்திலும் இல்லை.

திகன இடம்பெயர்ந்தோரால் வளர்ந்த ஊர். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர் பழைய தெல்தெனிய நகரை மூடியபோது, வீடிழந்தவர் பலர் இப்பக்கம் வந்து குடியேறினர். நீர் வற்றும் காலத்தில் பழைய நகரின் இடிபாடுகள் தலைகாட்டும். இத்தகைய ஊரில் 2018 மார்ச் 5ஆந் திகதி நடந்ததை நாடறியும். முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்தார். அந்தத் துயரத்தைச் சாக்காக்கிக்கொண்டு கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தன. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அன்று நான் என் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். அதைவிட வேறொன்றும் செய்யவில்லை.

நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் நானாவின் சில்லறைக் கடையும் எரிந்தது. கடன் கொப்பியில் என் பெயரில் 2,340 ரூபாய் நின்றது. ‘கொப்பியே எரிந்திருக்குமே’ என்ற எண்ணம் ஒரு கணம் என் உள்ளத்தில் எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். தகரக் கொட்டகையில் அவர் மீண்டும் வியாபாரம் தொடங்கி மூன்று வாரம் கழிந்த பின்பே பணத்தோடு போனேன்.

“எவ்வளவென்டு எனக்கு ஞாபகமில்ல மாஸ்டர். நீங்களே சொல்லுங்க,” என்றார் நானா.

எனக்கு முன்பே, பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மூதாட்டி ஒருவர் வந்து தம் கடனைத் தாமே எண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தார். வராதவர்களும் உண்டு, அவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு.

சென்ற மாதம் கடைக்குப் போனபோது என் கையிலிருந்த நூலைக் கண்டு நானா சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஓரங் கருகிய கொப்பி ஒன்றை எடுத்து, “இதையும் படிச்சுப் பாருங்க மாஸ்டர்,” என்று தந்தார். பாதி எரிந்தும் எஞ்சியிருந்தது அது. பண்டாக்களும் மெனிக்கேக்களும் ராமசாமிகளும் மீராசாய்பும் வரிசையாக, எல்லாரும் தமிழெழுத்தில். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி, பென்சில். ஒரு மெனிக்கேயின் பெயருக்கு எதிரே ‘பிள்ளைக்குச் சுகமில்லை, கேட்க வேண்டாம்’ என்று குறித்திருந்தது. என் பெயர் இருந்த பக்கம் எரிந்து போயிருந்தது.

ஒரு மாதம் முழுவதும் வாசித்த நூல்கள் கேட்ட கேள்வி இதுதான் என்று அப்போது விளங்கிற்று: அடுத்த வீட்டானின் நூலை நீ காத்து வைப்பாயா, எரியவிட்டுக் கதவைத் தாழிடுவாயா? நொக்ஸின் கிழவர் தமக்குப் புரியாத நூலைக் காத்தார். உவைஸ் புரிந்துகொண்டு பெயர்த்துத் தந்தார். நானா பெயர்களைத் தம் எழுத்தில் எழுதிவைத்தார். நானோ வாசித்தேன், அவ்வளவே. வாசிப்பு மட்டும் மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று மாணவர்க்குச் சொல்லி வந்ததை இன்று திருத்திக்கொள்கிறேன்.

அயலவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதையை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில், வேலியருகே உட்கார்ந்து அவருக்கு அதைச் சொல்லப் போகிறேன். சொல் பிழைத்தால் அவர் திருத்துவார். பெயர்ப்புக்கு அதுவே முதற்பாடம். மருத்துவர் கண்ணைத் திறந்து கொடுத்துவிட்டார். வாயைத் திறக்க வேண்டியவன் நான்தானே?