மகனுக்கு டயர் வாங்கப் போனேன்

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். மஃரிபுக்குச் சற்று முந்திய நேரம். வெள்ளவத்தை மரின் டிரைவில் நல்ல மழை. மகன் காரை ஓட்டினான். பக்கத்தில் நான். பின்னால் என் மகளும் அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளையும். முன்னால் போன முச்சக்கர வண்டி சடாரென்று நின்றது. மகன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தரையில் வாளி வழுக்கிப் போகுமே, அப்படிப் போனது. முச்சக்கர வண்டிக்கு ஒரு சாண் பின்னால்தான் போய் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளை மட்டும் பயந்து அழுதது.

"வேகமா வந்தியா மகன்?" என்று கேட்டேன்.

"நாப்பதுக்கு மேல போகல்ல உம்மா. டயர் புடிக்கல்ல" என்றான். அவன் கை நடுங்கியது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் வந்த ஹொண்டா சிவிக். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மகன் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு முழுவதையும் போட்டு அதை வாங்கினான். தாழ்ந்த உடம்பு, உறுமும் சைலன்சர், பளபளக்கும் அலோய் வீல். மற்ற வாலிபர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். "இது என்ன வாகனம், வித்துப் போடு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மறுநாள் என் மருமகன் வந்து டயர்களைப் பார்த்தார். பள்ளக் கோடுகள் ஆழமாகத்தான் இருந்தன. மொட்டை டயர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் 3412 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. "மாமி, இது 2012 ஆம் வருசத்து 34 ஆம் வாரம் செஞ்ச டயர். பதினொரு வருசம் போயிட்டு. ரப்பர் கல்லாப் போயிரிக்கி" என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பழைய செருப்பின் அடிபோல் இறுகியிருந்தது. காடிகளின் அடியில் மெல்லிய வெடிப்புகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால்மாப் பேக்கட்டைத் திருப்பித் திருப்பித் திகதி பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பிள்ளைகளைச் சுமந்து ஓடும் டயருக்கும் ஒரு திகதி இருக்கிறது என்பது அறுபது வயதுவரை எனக்குத் தெரியாது.

புது டயர் வேண்டும் என்று முடிவானது. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. மகனுக்கு 15 அங்குல வீல் போதாது. 17 அங்குல அலோய் வீலும், அதற்கு 205/40 அளவில் பட்டையான டயரும் வேண்டுமாம். அதுவும் பந்தயக்காரர் போடுகிற, கோடு குறைந்த மென்மையான டயர். நுவரெலியா மகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த ஆசை.

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது உம்மா" என்றான்.

வழக்கம்போல் "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "என்ட சீட்டுக் காசு வந்திரிக்கி. பாதி நான் தாறேன். ஆனா கடைக்கு நானும் வருவேன்" என்றேன்.

பஞ்சிகாவத்தையைக் கொழும்பில் தெரியாதவர் யார்? வாகன உதிரிப்பாகம் என்றால் முதலில் அங்கேதான் போவோம். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் மட்டும் பெண். முதல் கடையில் விலை மலிவாகச் சொன்னார்கள். குனிந்து இலக்கத்தைத் தேடினேன். 2016 இல் செய்தது! "இது ஏழு வருசப் பழசல்லவா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "டயர் என்ன பாலா உம்மா, திரஞ்சு போக?" என்றார். சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த கடையில் வயதான ஒரு நானா இருந்தார். மகன் தன் விருப்பத்தைச் சொன்னான். அவர் விலை சொல்லவில்லை. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தம்பி, ஒரு டயர் ரோட்டத் தொடுறது இவ்வளவுதான். நாலு டயருக்கும் நாலு உள்ளங்கை. எஞ்சின் எவ்வளவு பெலமா இரிந்தாலும், ஓடுறதும் திரும்புறதும் நிக்கிறதும் இந்த நாலு உள்ளங்கையிலதான்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மகனின் காருக்குரிய அளவு 195/55 ஆர் 15. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கவாட்டின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் பக்கவாட்டு ஏறத்தாழ 107 மில்லிமீற்றர். மகன் கேட்ட 17 அங்குலத்தில் அது 82 தான். "வளைவுல கெட்டியா நிக்கும், உண்மைதான். ஆனா நம்மட ரோட்டுக் குழியில விழுந்தா அடி நேரா ரிம்முக்குப் போகும். ரிம் வெடிக்கும், டயர் பக்கத்துல வீங்கும். வீங்கின டயர் எப்ப வெடிக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

பந்தய டயரைப் பற்றியும் சொன்னார். அதன் ரப்பர் மென்மை. சூடேறினால் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் காடி குறைவு. டயருக்கும் வீதிக்கும் நடுவே தேங்கும் மழைத்தண்ணீரை வெளியே தள்ளுவது காடிகள்தான். அவை போதாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. பருவ மழையும் இடைமழையும் கொட்டும் கொழும்புக்கு அது சரிவருமா?

மூலையில் சில டயர்கள் மலிவுக்கு அடுக்கியிருந்தன. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டயர்கள். சிலவற்றில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தது. பனி உறைந்த வீதிக்குச் செய்தவையாம். நம் சூட்டில் அந்த ரப்பர் இளகிச் சீக்கிரம் தேயும், மழையிலும் சரியாக நிற்காது என்றார். பார்வைக்குப் புதிதுபோல் இருந்ததால் நானே ஏமாந்திருப்பேன்.

மகனின் முகம் வாடிவிட்டது. நானா அதைக் கவனித்தார். "தம்பி, ஒங்கட ஆசையில பிழையில்ல. பெரிய வீலுக்குப் போடுற காச நல்ல ரப்பருக்குப் போடுங்க. இதே 15 அங்குலத்துலயே நல்ல ஸ்போர்ட் டயர் இரிக்கி" என்று ஒன்றை எடுத்து வைத்தார்.

அதன் பக்கவாட்டை மகனே வாசித்தான். அளவுக்குப் பின்னால் 84வி என்றிருந்தது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கும். "அதிவேக வீதியிலயே 100 தானே? 240 என்னத்துக்கு?" என்று கேட்டேன். ஓடுவதற்கு அல்ல, சூட்டைத் தாங்குவதற்கு என்றார் நானா. கார் செய்தவர் சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்கக்கூடாதாம்.

நனைந்த தரையில் நிற்கும் திறனுக்கு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் உண்டு. அந்த டயரில் ஏஏ இருந்தது. தேய்மானத்துக்கு 300 என்று ஓர் இலக்கம். இலக்கம் குறையக் குறையப் பொதுவாக ரப்பர் மென்மையாக இருக்கும். நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கொம்பனிக்காரர் தாங்களே இடும் இலக்கம் என்பதால், ஒரே கொம்பனியின் டயர்களை ஒப்பிடத்தான் அது உதவும். கடைசியாகத் திகதி. அதே வருடத்து 19 ஆம் வாரம். மகன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். நாலு டயரையும் வாங்கினோம். முதல் சில நூறு கிலோமீற்றர் மெதுவாக ஓட வேண்டும், புது டயரின் வழுவழுப்பு போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது, மகனிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

1974 ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புது டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் வாப்பா தன் மொரிஸ் மைனருக்குத் தேய்ந்த டயரையே ரீபில்ட் செய்து போட்டிருந்தார். கண்டியில் ஒரு கலியாணம். கடுகண்ணாவை ஏற்றத்தில் டயரின் மேல்பட்டை உரிந்து போனது. கார் மலைப்பக்கம் மோதியதால் உயிர் தப்பினோம். என் தம்பியின் வலக்கை முறிந்தது. அந்தக் கை இன்றுவரை நேராக நீளாது.

"மாமாட கை அதுலயா?" என்று மகன் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். "இத ஏன் உம்மா முந்தியே சொல்லல்ல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பயத்தை மட்டும் சொன்னேன். பயத்தின் காரணத்தைச் சொல்லவில்லை. "வித்துப் போடு" என்று பத்துத் தடவை சொன்ன நான், ஒரு தடவையாவது குனிந்து அந்த டயரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மரின் டிரைவில் என் பேரப்பிள்ளை அழுதிருக்காது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மகனோ தம்பியோ இருக்கக்கூடும். அவன் ஆசையை ஏசி அடக்க முடியாது. கூடப் போய் நில்லுங்கள். அளவு, தரம், திகதி இவற்றை வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள் கார் ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் சாரதிக் கதவின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கும். காடிக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் உண்டு. அவற்றின் மட்டத்துக்கு டயர் தேய்ந்தால் காடியின் ஆழம் 1.6 மில்லிமீற்றர்தான். மழை நாட்டில் அதுவரை காத்திருக்கவே கூடாது.

அடுத்த மழையில் அதே வீதியால் வந்தோம். முன்னால் பஸ் ஒன்று நின்றது. எங்கள் காரும் தள்ளியே நின்றது. மகன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.