கோழி அடையும் நேரம்

"கோழி எப்படித் தூங்குகிறது என்று தெரிந்துகொள்ள ராத்திரி ரயில் ஏறித் திண்டுக்கல் வரைக்கும் போவார்களா?" என்று காரியாலயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் வீட்டிலாவது கோழி கிடையாது. எங்கள் வீட்டில் ஐந்து இருந்தன. சென்ற மாதம் நான்காகிவிட்டது. அதுதான் சங்கதி.

தாம்பரத்துக்குத் தெற்கே புதுக் குடியிருப்பில் எங்கள் வீடு. குழந்தைகளுக்கு நல்ல முட்டை கிடைக்கட்டுமே என்று ஐந்து விடைக்கோழிகள் வாங்கிக் கொல்லையில் விட்டோம். அவற்றுக்காக என் கணவர் ஒரு கூண்டும் வாங்கி வந்தார். சாமானியக் கூண்டா அது? பச்சை வர்ணம், சரிந்த கூரை, கம்பி வலை ஜன்னல், ஏறிப் போக ஒரு குட்டிப் படிக்கட்டு. பார்த்தால் கொடைக்கானல் பங்களாதான்! கோழிகளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒன்று மதில் மேல், இரண்டு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில், மற்ற இரண்டும் அந்த வீட்டுக் காரின் தலையில். விடிந்ததும் கார் என்ன கோலத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டு அம்மாள் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. போதாக்குறைக்கு ஒரு ராத்திரி பூனை வந்து மதில் மேலிருந்த புள்ளிக்கோழியைக் கொண்டு போய்விட்டது. மறுநாள் என் சின்னப் பெண் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று விட்டாள்.

"அய்யலூர்ச் சந்தைக்குப் போய் நாலு பொம்பளைகளைக் கேள். சொல்லுவார்கள்" என்றார் என் மாமியார். அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமைதோறும் அங்கே சந்தை. ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பெயர் போனது. பொழுது புலருமுன்பே கூடிவிடுகிறது. நான் போய் இறங்கியபோது இருட்டுக்குள்ளிருந்து சேவல்கள் மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தன. காலைக் கட்டிய கோழிகள், கூடைக்குள் கோழிகள், சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கும் கோழிகள்! ஒரு பக்கம் ஆண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று காகம், வல்லூறு, மயில், கீரி என்று நிறம் பார்த்துக் கட்டுச் சேவலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேவல்களின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். எனக்கு அங்கே வேலையில்லை.

சந்தையின் ஓரத்தில், ஒன்றிரண்டு கோழிகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு, மிஞ்சினால் நான்கு. மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். முட்டையும் குஞ்சும் விற்ற காசு அவர்களுடைய சொந்தக் காசு, சிறுவாட்டுப் பணம். அறுபது வயதிருக்கும் ஒரு கிழவி, பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வாங்க இரண்டு பெட்டைகளைக் கொண்டு வந்திருந்தாள்.

"வாங்குறதா தாயி, சும்மா வேடிக்கையா?" என்றாள்.

என் கதையைச் சொன்னேன். நாலைந்து பேர் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"கூண்டுக்குள்ள கம்பு எம்புட்டு உசரத்துல இருக்கு?"

கணுக்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன்.

"முட்டையிடுற பெட்டி?"

முழங்காலுக்கு மேலே காட்டினேன். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு! "தலைகீழால்ல கட்டியிருக்காங்க!"

வாஸ்தவத்தில் இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கோழியின் மூதாதை காட்டுக்கோழி. ராத்திரியில் அது தரையில் தூங்காது; மரக்கிளையிலோ மூங்கிலிலோ ஏறி அடையும். நாம் எத்தனை ஆயிரம் வருஷம் வீட்டில் வைத்து வளர்த்தாலும், இருட்டுகிற நேரத்தில் கண்ணுக்கு எட்டியவற்றுள் உயரமான இடத்தைத்தான் அது தேடுகிறது. கூண்டுக்குள் கம்பு தாழ்ந்திருந்தால் மதிலுக்குப் போகும். முட்டைப் பெட்டி உயர்ந்திருந்தால் அதற்குள் தூங்கி, எச்சமிட்டு, காலையில் இடும் முட்டையை அசிங்கம் பண்ணும். எனவே கம்பு மேலே, பெட்டி கீழே. கம்பும் இரும்புக் குழாயாக இருக்கலாகாது. மணிக்கட்டுப் பருமனில் மரக் கம்பு, கோழி ஒன்றுக்கு ஒரு சாண் இடம். எல்லாக் கம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சிக் கம்புக்கு அடிதடி! கோழிகளுக்குள் பெரியவள், சின்னவள் என்ற வரிசை உண்டு என்று நார்வே தேசத்து ஷெல்டரப்-எப்பே 1921-இல் எழுதினார். "மூத்தவ மேல குந்துவா, இளையவ கொத்து வாங்குவா" என்று கிழவி அதையே ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

"கம்பும் வேணாம், கிம்பும் வேணாம். பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்து மேல ஒரு கல்லை வையி" என்றாள் சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி.

"கீரி மண்ணைப் பறிச்சுக்கிட்டு வந்தா?"

"என் வீட்டுல சிமிட்டித் தரை."

"எல்லார் வீட்டுலயுமா சிமிட்டி போட்டிருக்கு?"

இது கொஞ்ச நேரம் நடந்தது. நான் குறுக்கே போகவில்லை. பிறகு கிழவி, சத்தத்தை உயர்த்தாமல் ஒரு சமாசாரம் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, மகளுக்குப் பிரசவ வலி கண்ட அவசரத்தில், கூட்டுக் கதவுக்குக் கொண்டி போட மறந்துவிட்டாளாம். மரநாய் புகுந்தது. பதினோரு கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டது, தின்றது ஒன்றுதான். மகளுக்கு மருந்துச் செலவுக்கென்று வளர்த்த கோழிகள் அவை. "அன்னையிலிருந்து ரெண்டு கொண்டி. கொண்டியைத் தொட்டுப் பாக்காம சோத்துல கை வைக்கிறதில்ல" என்றாள். சிவப்புச் சேலைக்காரி பஞ்சாரத்தைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

வலையைப் பற்றியும் சொன்னார்கள். கை நுழைகிற வலை கோழியை உள்ளே வைக்கும். பூனையின் பாதத்தை வெளியே வைக்காது. வலையை ஒட்டித் தூங்கும் கோழியை வெளியிலிருந்தே பிடித்து இழுத்துவிடுமாம். நெருக்கமான, கனத்த கம்பி வேண்டும். காற்று மேலே, கூரைக்கடியில் போக வேண்டும். எச்சத்தின் நெடி நம் கண்ணில் எரிந்தால் கோழியின் நெஞ்சிலும் எரியும்.

எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. ஒழுங்காக அடைந்துகொண்டிருந்த கோழி திடீரென்று கூட்டுக்குள் போக மறுத்தால் அதை விரட்டக் கூடாது. கம்பைப் பார்க்க வேண்டும். பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருக்கும் செந்நிறச் செள்ளு ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். கோழி வெளுத்துப் போகும், முட்டை குறையும். இருட்டில் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் சிவப்புக் கறை காட்டிக் கொடுத்துவிடும். இடுக்குகளை அடைத்து, சுண்ணாம்பு பூச வேண்டும்.

பழக்குவது எப்படி? நாலைந்து நாள் கூண்டுக்குள்ளேயே அடைத்து வைத்து, அதுதான் வீடு என்று தெரிந்த பிறகு திறந்துவிட வேண்டும். அப்புறமும் மதிலேறினால், நன்றாக இருட்டிய பின் தூக்கி வந்து கம்பில் வைக்க வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. வைத்த இடத்தில் இருக்கும்.

புறப்படுமுன், புள்ளிக்கோழியின் இடத்துக்கு அவளுடைய பெட்டை ஒன்றை விலைக்குக் கேட்டேன். கிழவி தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு வேணாம் தாயி. ஊரூருக் கோழியோட ஒரசுனது. வெள்ளைக்கழிச்சல் ஒட்டிக்கிட்டுப் போனா உன்னோட நாலும் போயிரும். வாங்கித்தான் ஆகணும்னா ரெண்டு வாரம் தனியா கட்டிப் போடணும். உனக்கு இடமிருக்கா?"

இடமில்லை. விற்க வந்தவள் விற்க மறுத்தது எனக்கு ஏமாற்றந்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு வியாபாரி அந்த இரண்டையும் வாங்கிப் போனார். பணத்தை இரண்டு தரம் எண்ணி முடிந்துகொண்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவைப் பிரித்தோம். குழாய் போய் வேப்பங்கம்பு வந்தது. பெட்டி கீழே இறங்கியது. "இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன்" என்றார் மாமியார். அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஐந்து நாள் அடைத்து வைத்துத் திறந்துவிட்டதில், அன்று சாயங்காலம் மூன்று தாமாகவே உள்ளே போயின. கறுப்பி மட்டும் மதிலில்தான். இருட்டிய பின் பக்கத்து வீட்டம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் முக்காலியில் ஏறி அவளைத் தூக்கி வந்து கம்பில் வைத்தேன். கதவைச் சாத்திக் கொண்டியையும் போட்டேன்.

இலையில் சாதம் விழுந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்து போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.