மேட்டுப்பாளையத்தில் வேர்வை, தலைக்குந்தாவில் உறைபனி

டிசம்பர் 2, கோயம்புத்தூர்

பொங்கல் தாண்டும் வரை ஊட்டி கிளையில் வேலை பார்க்கச் சொல்லி உத்தரவு. திங்கள் விடியலில் ஏறி வெள்ளி இரவு இறங்க வேண்டும். பஸ் உண்டு, ஆனாலும் பைக்கில்தான் போவேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அம்மா உடனே பரணிலிருந்து கம்பளி ஸ்வெட்டரை இறக்கிவிட்டாள். "இதப் போட்டுட்டுப் போ கண்ணு, குளுரு அண்டாது."

நடந்து போகிறவருக்கு அண்டாதுதான். கம்பளியின் கதகதப்பு அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றால் வருவது. வண்டி வேகமெடுத்தால் எதிர்காற்று புகுந்து அதைக் கலைத்துவிடும். காற்று அடிக்கும்போது வெற்றுத் தோலில் குளிர் எவ்வளவு கூடுதலாக உறைக்கும் என்பதற்குக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஒரு சூத்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதில் போட்டுப் பார்த்தேன்: 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், மலைப்பாதையில் சாதாரண வேகம்தான், கிட்டத்தட்ட மைனஸ் 1 மாதிரி உறைக்கும். ஆக, முதல் செலவு காற்று புகாத மேலுறைக்கு. ஸ்வெட்டர் அதற்குள்ளே போகட்டும், அம்மாவும் சமாதானமாவாள்.

டிசம்பர் 4

குளிர்காலப் பயணத்துக்கு என்று எதைத் தேடினாலும் லடாக் பட்டியல்தான் கிடைக்கிறது. அங்கே காலையில் போட்டதை இரவுவரை கழற்ற வேண்டியிருக்காது. என் பாடு வேறு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். காலை உணவு நேரத்துக்குள் பன்னிரண்டு டிகிரி கைவிட்டுப் போகும். கீழே முழு உடுப்போடு கிளம்பினால் கல்லாறு வருவதற்குள் நனைந்துவிடுவேன், அதே வேர்வை குன்னூரில் ஐஸாகக் குத்தும். எனக்கு வேண்டியது தடித்த ஒரே ஜெர்கின் இல்லை. வழியில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சேர்க்க முடிகிற மெல்லிய அடுக்குகள்.

உள்ளே பருத்தி பனியன் கூடாது. வேர்வையைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். திருப்பூரில் எடுத்த முழுக்கை பாலியஸ்டர் ஜெர்சி அலமாரியில் கிடக்கிறது, அது போதும். மெரினோ கம்பளி இன்னும் உசத்தி என்கிறார்கள். விலையும் உசத்தி.

டிசம்பர் 7, ஞாயிறு

ரைடிங் சாமான் விற்கும் கடையில் பாதி நாள் போயிற்று. பெண்களுக்கான ஜெர்கின் மொத்தமே ஒரு கம்பி அளவுக்குத்தான் மாட்டியிருந்தது, அதிலும் இரண்டில் ஒன்று ரோஸ் கலர். "லேடீஸ் சைஸ் அவ்வளவா நகராதுங்க மேடம்" என்றார் கடைத் தம்பி. இருந்தால்தானே நகரும்!

நின்றபடி போட்டுப் பார்ப்பது வீண். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி உட்கார்ந்தால் மணிக்கட்டு ஒரு சாண் வெளியே வருகிறது, முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேல் ஏறுகிறது. காற்று நுழைய அந்த இரண்டு இடம் போதும். கையோடு ஸ்வெட்டரையும் கொண்டுபோயிருந்தேன். அதன் மேல் போட்டபோது ஒரு சைஸ் கூட்டி எடுக்க வேண்டியிருந்தது. ரொம்பவும் தொளதொளப்பானால் விழும்போது முழங்கைக் கவசம் முழங்கையில் நிற்காது. அந்தக் கவசத்துக்கு ஐரோப்பியத் தரம் ஒன்று உண்டு, இஎன் 1621-1. சோதனையில் அடிக்கும்போது உடம்புப் பக்கம் கடந்து வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் நின்றால் லெவல் 1. 20க்குள் நின்றால் லெவல் 2. கையில் ரொக்கம் குறைந்தால் நான் ஜெர்கினுக்கு உள்ளே மாட்டும் லைனரை விட்டுக்கொடுப்பேன், லெவல் 2 கவசத்தை விடமாட்டேன்.

சினிமாவில் ஊட்டிக்கு வரும் கதாநாயகர்கள் சட்டை பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு புல்லட் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கடையில் எடுக்கிறார்களோ.

டிசம்பர் 8, ஊட்டி

பர்லியாறு தாண்டியதும் மழை. வடகிழக்குப் பருவமழை இன்னும் விடவில்லை, குன்னூர்ச் சரிவு அதற்கு நேர் எதிரே நிற்கிறது. 12 டிகிரியில் நனைவது, காய்ந்த உறைபனியைவிட மோசம். ஜெர்கினுக்கு உள்ளே மாட்டும் ரெயின் லைனர் தண்ணீரை உடம்பில் படவிடாது, சரிதான். ஆனால் வெளித்துணி ஊறி, அது ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே போவதுதான் முறை. மழையில்லாத நாளில் அதுவே காற்றை மறிக்கும். ஜீன்ஸுக்கும் இதே வைத்தியம்: முழங்கால் விறைக்காமல் இருக்க மேலே மழைக் கால்சட்டை.

டீக்கடை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்கண்ணு, பஸ்ஸெல்லாம் ஓடலியா?"

டிசம்பர் 15

குளிருக்கு உடுப்பதில் கையுறைதான் பெரிய சிக்கல். தடிமனாக எடுத்தால் பிரேக் லீவரின் இறுக்கம் விரலுக்குத் தெரிவதில்லை; கொண்டை ஊசி வளைவில் அது தெரிந்தே ஆக வேண்டும். மெல்லிசாக எடுத்தால் அரவங்காட்டிலேயே விரல்நுனி மரத்துவிடுகிறது. இறுகப் பிடிக்கும் கையுறை இன்னும் கேடு, ரத்த ஓட்டத்தையே நெருக்கும். காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் திணிப்பதும் அப்படித்தான்.

விரல் குளிர்வதற்கு எப்போதும் விரலே காரணமில்லை. நெஞ்சும் வயிறும் சூடிழந்தால் உள்ளுறுப்புகளைக் காக்க உடம்பு கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். இன்று கையுறையை மாற்றவில்லை. மேட்டுப்பாளையத்திலேயே கழுத்தை மூடும் துணிப்பட்டையும், குன்னூரில் ஸ்வெட்டரும் சேர்த்துக்கொண்டேன். லவ்டேல்வரை விரல் பேச்சுக் கேட்டது.

மழையில் ஜெர்கின் கை கையுறைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் முழங்கையிலிருந்து வடியும் தண்ணீர் நேரே கையுறைக்குள் இறங்கும். வெறும் காற்றுக்கு இதைத் திருப்பிப் போடலாம்.

டிசம்பர் 22

ஹெல்மெட்டுக்குள் மங்கி கேப் போடுவோரை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்தான், ஆனால் கம்பளி இடையில் புகுந்தபிறகு அது தலையில் சரியாக உட்காருவதில்லை. கம்பளியோடு அளவெடுத்து வாங்கியவர்களுக்கு வெயில் காலத்தில் ஆடுகிறது. மெல்லிய பாலாக்ளாவா போதும், துவைத்தால் ஒரே இரவில் காயும்.

வைசரில் மூச்சு படிவதற்குப் பின்லாக் என்ற உள்தகட்டை மாட்டினேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று நிற்பதால் உள்தகடு அவ்வளவு குளிர்வதில்லை, ஈரம் படிவதில்லை. வைசரைத் துளி திறந்து வைத்தாலும் பனி விலகும், ஆனால் கண்ணில் நீர் வழியும். என் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

ஜனவரி 7

விடியுமுன் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா. புல்வெளி முழுக்க வெள்ளை. மேகமில்லாத இரவில் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மேட்டுச் சாலையைவிடத் தாழ்வான இடத்தில்தான் உறைபனி அதிகம். டயருக்கும் இது முக்கியம்: இறக்கத்தின் அடியில், மர நிழலில், ரோடு வழுக்கும்.

ஒரு பால்காரர் கேனோடு வந்து நின்றார். ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, காலில் கம்பூட்ஸ், நெஞ்சில் செய்தித்தாள். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் ரெக்சினில் தைத்த உறை. அதற்குள் கையை நுழைத்து ஓட்டுகிறார். உள்ளே வெறுங்கை! லீவர் துல்லியமாகத் தெரியும், காற்று துளியும் படாது. நான் கடை கடையாக ஏறித் தெரிந்துகொண்டது முழுக்க அவர் வண்டியில் இருந்தது. விழுந்தால் தாங்க ஒன்றுமில்லை என்பதுதான் குறை.

"எங்கண்ணே தச்சீங்க?"

"மார்க்கெட்ல சீட் கவர் தைக்கிறவருகிட்டதான். வண்டியோட போங்க, அளவெடுப்பாரு."

ஜனவரி 10, கோயம்புத்தூர்

ரெக்சின் உறை மாட்டியாயிற்று. இப்போது நடுத்தரக் கையுறையே போதுமாக இருக்கிறது. கிரிப்பைச் சூடாக்கும் ஹீட்டரும் வைக்கலாமா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். என் வண்டி 150 சிசி. ஹெட்லைட் எரிய, போன் சார்ஜ் ஏற, மிச்ச மின்சாரம் எவ்வளவு என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்கிறார். முப்பது நாற்பது வாட் இழுக்குமாம். அதிகாலை நாலரைக்கு பேட்டரி இறங்கிக் கிடந்தால் தள்ளுவது நான்தான். நாளை மீட்டர் வைத்துப் பார்க்க வண்டியை விடச் சொன்னார்.