ராஜகிரி அடிவாரத்தில் என்னைத் தடுத்தவருக்கு

அண்ணே,

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிப் படிக்கட்டருகே நின்று, "மணி மூணு தாண்டிடுச்சு, இனிமே மேல விட முடியாது. கீழயே பாக்க எவ்வளவோ இருக்கு, போங்க" என்றீர்கள். பஸ் பிடித்து வேர்த்து விறுவிறுக்க வந்தவனுக்குக் கோபம் வராதா? முணுமுணுத்துக்கொண்டேதான் திரும்பினேன். அதற்கான மன்னிப்பும் சொல்ல வந்த நன்றியோடு சேர்த்தி.

வேறு வழியில்லாமல் தானியக் களஞ்சியத்துக்குள் நுழைந்தேன். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே முதுகு வியர்வை சில்லிட்டது. அவ்வளவு கனமான சுவர். லேசாக இருமினால்கூட வளைவுக் கூரை திருப்பி இருமுகிறது. பக்கத்தில் கல்யாண மகால். தள்ளியிருந்த குளத்துத் தண்ணீரைச் சுடுமண் குழாயில் கொண்டுவந்து அதன் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

கீழே சுற்றியபோதுதான் கோட்டையின் கணக்கு புரிந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றையும் முக்கோணமாக வளைக்கும் மதில், சுமார் 13 கிலோமீட்டர். நடுவே சோறும் தண்ணீரும். கோன் வம்சத்தார் தொடங்கியதை நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690இல் மொகலாயப் படை வந்து வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க, வெளியே முற்றுகையிட்ட படைக்குத்தான் தானியம் தட்டுப்பாடாகி, 1693இல் அது வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை விழ 1698 ஆயிற்று. அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிலை நம்பியவர்களுக்கு அது உறைத்திருக்கும்.

யுனெஸ்கோ 2025இல் பட்டியலிட்ட மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். கூட்டம் கூடியிருக்கும், உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டேன். "தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினீர்கள். குரங்குகளுக்குப் பயந்து பையை மார்போடு அணைத்தபடி 800 அடி உயரம் ஏறினேன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்து மரப்பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் நின்று ஒரு படையையே தடுக்கலாம் என்பார்கள். நடுப்பாலத்தில் நின்று பாட்டிலைத் திறந்தேன். இரண்டு வாய்த் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.