ஓரத்தில் நிற்பவர்கள்

துப்பறியும் நாவலை இரண்டாம் முறை படிப்பவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அதான் யாருன்னு தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்ன இருக்கு?" சாதாரணக் கொலைக்கதை என்றால் நியாயமான கேள்வி. பல வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன ஊரில் காணாமல் போனவரைத் தேடும் கதைகள் வேறு ரகம். முடிவு தெரிந்த பிறகுதான் அவற்றில் ஊர் முழுசாகக் கண்ணில் படுகிறது.

ஸ்டீக் லார்சனின் 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' நாவலை நான் திரும்பத் திரும்ப எடுப்பது இதற்காகத்தான். ஸ்வீடன் பத்திரிகையாளரான லார்சன் 2004-இல், ஐம்பது வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். நாவல் வெளிவந்தது 2005-இல். லிஸ்பெத் சலாந்தர் என்ற முரட்டுப் பெண்ணுக்காகத்தான் உலகம் அதைக் கொண்டாடியது. எனக்குப் பிடித்தது ஹெடஸ்டாட் என்ற கற்பனை ஊர்.

1966 செப்டம்பரில் அங்கே ஊர்வலம். அதே நாளில் ஊரையும் பக்கத்துத் தீவையும் இணைக்கும் பாலத்தில் டேங்கர் லாரி விபத்து. யாரும் தீவைவிட்டு வெளியேற முடியாது. அந்தக் களேபரத்தில் பதினாறு வயது ஹாரியட் காணாமல் போகிறாள். கூட்டமும் கேமராக்களும் பாலத்தைப் பார்த்து நிற்கின்றன. பெண் தொலைந்தது வேறு பக்கம்.

முப்பத்தாறு வருஷம் கழித்து நாவலின் நாயகன் மிக்கேல் புளூம்க்விஸ்ட் அதைத் தோண்டுகிறான். அன்றைய ஸ்வீடன் சட்டப்படி கொலை வழக்குக்கே 25 ஆண்டுதான் காலவரம்பு. ஆகவே இனி தண்டனை வாங்கித் தர வழியில்லை, தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே. அதனால்தான் அந்தத் தேடலில் அவசரமே இல்லை. அவன் கையில் கிடைப்பவையும் புதிய தடயங்கள் அல்ல. ஹாரியட்டின் குறிப்பேட்டில் ஐந்து பெயர்களும் எண்களும் இருந்தன. போலீஸ் அவற்றைத் தொலைபேசி எண்கள் என்றே வைத்துத் தேடிச் சலித்துப்போனது. அவை பைபிள் வசன எண்கள். உள்ளூர்ப் பத்திரிகை எடுத்த ஊர்வலப் படங்களில் ஹாரியட் நிற்கிறாள். எதிர்ப்பக்கம் எதையோ பார்த்து முகம் மாறுகிறது. அவள் பார்த்தது என்ன என்பதற்கு அவளுக்குப் பின்னால் நின்று கேமராவைத் தூக்கிய வெளியூர்ப் பெண்ணின் ஆல்பத்தைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

அதைப் படித்ததிலிருந்து கல்யாண ஆல்பம் கையில் கிடைத்தால் மாப்பிள்ளை, பெண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைத்தான் பார்க்கிறேன். யார் கேமராவைப் பார்க்கவில்லை, யார் யாரிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்று. எந்த வீட்டு ஆல்பத்திலும் பேசப்படாத கதை ஒன்றாவது அகப்படும்.

தானா ஃபிரெஞ்ச் 2007-இல் எழுதிய 'இன் தி வுட்ஸ்' லார்சனின் நாவலுக்கு நேர் எதிர். 1984-இல் அயர்லாந்தில் ஒரு காட்டுக்குள் போன மூன்று பிள்ளைகளில் ஒருவன் மட்டும் மீள்கிறான். வளர்ந்து துப்பறிவாளனாகியும் மற்ற இருவருக்கு என்ன நேர்ந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்காகக் கோபித்துக்கொண்ட வாசகர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. பின்னால் நின்று யாரோ படம் எடுத்திருப்பது அதிர்ஷ்டம். எல்லா ஊருக்கும் அது வாய்ப்பதில்லை.